மூன்றாவது பெருக்கல் குறி

அத்தியாயம் 5

"இந்தப் பேப்பரு ஞாயித்துக்கிழமை அடிச்சது" என்றாள் மகேஸ்வரி. "நாராயணசாமி செத்தது திங்கக்கிழமை."

பச்சமுத்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட நீளக் காகிதம். மேல் மூலையில் 20-ஆம் தேதி அச்சாகியிருந்தது. புள்ளி புள்ளியாக ஒரு கோடு மலை ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போனது. மேலே குறுக்காக இன்னொரு நேர்க்கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: '21, காலை 9.'

"அந்தம்மா வூட்டுக்காரரு எத்தினி மணிக்கு மேடம் போனாரு?"

"ஒம்பதே காலுக்கு."

"கால் மணி நேரந்தான் லேட்டு. நம்ம ஊரு பஸ்ஸுக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றான் பச்சமுத்து. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

மகேஸ்வரிக்குப் பயம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். பச்சமுத்துவுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. அந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

1987 செப்டம்பர் 23, புதன்கிழமை. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் ஏழாம் நாள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடவில்லை. டெலிபோன் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. ஊரைச் சுற்றி எல்லாச் சாலைகளிலும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன.

முந்தின நாள் மாலை, கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே வந்து மகேஸ்வரியின் துப்பறியும் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் நாராயணசாமியின் மனைவி பச்சையம்மாள். "எங்க வூட்டுக்காரரை அந்த மெட்ராஸ் டாக்டரு கொன்னுட்டாருங்க" என்றாள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பதினோரு வருஷம் ஆய்வாளராக இருந்துவிட்டு வந்த மகேஸ்வரி இப்படிப் பல புகார்களைக் கேட்டவள். பாதி நேரம் டாக்டர் மீது தப்பு இருக்காது. ஆனால் பச்சையம்மாள் அடுத்துச் சொன்னதுதான் இடித்தது.

கணவனுக்கு வலிப்பு வந்து உயிர் போன பத்தாவது நிமிஷம் டாக்டர் விஜயராகவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாராம். யாரும் ஆள் அனுப்பவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தார். கடைசி மாத்திரை எப்போது கொடுத்தது என்று கேட்டார். மீதி மாத்திரைகளை மொத்தமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டாராம்.

"ஓடினாரா, நடந்தாரா?" என்று கேட்டிருந்தாள் மகேஸ்வரி.

"ஓடினாருங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

இப்போது அவர்கள் நிற்பது அந்த டாக்டரின் வாடகை அறை. மேஜைமேல் தட்டெழுத்து மிஷின் மாதிரி ஒரு பலகை, அதன்மேல் சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி. கள்ளக்குறிச்சியில் இப்படியொரு கம்ப்யூட்டர் இருப்பதே பலருக்குத் தெரியாது. கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரம்மா ராணியம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வர மறுத்தாள்.

"அந்தப் பொட்டிக்குள்ள ஒரு மனுஷன் இருக்கான்னு சொல்லுவாருங்க. நெசமான ஆளுக்கு மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி அவனுக்குத்தான் குடுத்துப் பாப்பாராம். வயித்துல எவ்வளவு எறங்குச்சு, ரத்தத்துல எவ்வளவு ஏறுச்சு, ஈரல் எவ்வளவு எரிச்சுது, எல்லாம் அவன் சொல்லிடுவானாம். ராத்திரில அது கீச்சு கீச்சுன்னு பேப்பரைத் துப்பும் பாருங்க, எனக்குத் தூக்கமே வராது."

"உள்ள இருக்கற ஆளுக்கு வாடகை தனியா வாங்கினியாம்மா?" என்றான் பச்சமுத்து.

ராணியம்மாள் முறைத்தாள். மகேஸ்வரி அடுத்த காகிதத்தை எடுத்தாள். விஜயராகவனிடம் மூச்சிழுப்பு நோய்க்கு இலவசமாக மாத்திரை வாங்கியவர்கள் பதினோரு பேர். ஆளுக்கொரு காகிதம். பெண்களின் காகிதம் எட்டில் குறி ஏதும் இல்லை. மூன்றில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி.

இரண்டாவது குறி போட்ட காகிதம் ராஜாங்கத்துடையது. மூங்கில்துறைப்பட்டுக்காரர், கரும்பு விவசாயி. '22, பகல் 3.'

மூங்கில்துறைப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் ஒருவன் காலையில்தான் டீக்கடையில் அந்தச் சேதியைச் சொன்னான். ராஜாங்கம் நேற்று மூன்றரை மணிக்கு வலிப்பு வந்து செத்துப்போனார். சாவு விழுந்த வீட்டுக்குள் டாக்டர் நுழைந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினார். அங்கேயும் அதே கதை.

மகேஸ்வரி மூன்றாவது காகிதத்தைத் திருப்பினாள்.

காத்தான். ஈச்சங்காடு, கல்வராயன் மலை. '23, மாலை 6.'

"இன்னைக்கு" என்றாள்.

மணி பதினொன்றரை.

*

போலீஸ் ஸ்டேஷனில் ஒரே ஒரு ரைட்டர் இருந்தார். எல்லா ஜீப்பும் ரோட்டில் இருந்தன. "திரும்பி வந்ததும் சொல்றேம்மா" என்றார் அவர். காத்திருக்க நேரமில்லை. பச்சமுத்துவின் ராஜ்தூத் பைக்கில் பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது.

மாத்திரை விற்கும் கம்பெனியில் ரெப்பாக இருந்து, வாயாலேயே வேலையைக் கெடுத்துக்கொண்டு மகேஸ்வரியிடம் வந்து சேர்ந்தவன் பச்சமுத்து. மருந்து சமாச்சாரத்தில் அவன் வாய்க்கு விவரமும் உண்டு.

"இழுப்புக்குக் குடுக்கற மாத்திரைதான் மேடம். தியோஃபிலின். நானே ஊர் ஊரா வித்திருக்கேன். அளவோட போனா மூச்சு வுடலாம். அளவு ஜாஸ்தியானா நெஞ்சு படபடக்கும், வாந்தி, கை நடுக்கம். இன்னும் ஏறினா வலிப்பு. அதுக்கும் மேல ஏறினா ஆர்டர் எடுக்க ஆளு இருக்காது."

"பொம்பளைங்களுக்கு எல்லாம் ரெண்டு மாத்திரை. இந்த மூணு ஆம்பளைங்களுக்கு மட்டும் ஆறு" என்றாள் மகேஸ்வரி, காற்றில் படபடத்த காகிதத்தை மடியில் அழுத்திக்கொண்டு. "ஆளோட எடைக்கு மேல ஒரு எழுத்து இருக்குது பாரு. 'பி'ன்னு. இங்கிலீஷ் எழுத்து. அதுக்கு நேரா நாப்பது. அதை அடிச்சிட்டு செகப்புல ஜீரோ போட்டிருக்காரு."

"'பி'ன்னா பிளட் மேடம்."

"பிளட்டு நாப்பதுலேருந்து ஜீரோவானா, பெருக்கல் குறிக்குக் காத்துக்கினு இருக்க வேணாமே."

"அப்ப பிரஷரு."

"அதுவும் ஜீரோவாக முடியாது. பொம்பளைங்களுக்கு மொதல்லேருந்தே ஜீரோதான். அடிச்சு எழுதினது இந்த மூணு பேருக்கு மட்டுந்தான்."

பச்சமுத்து யோசித்தான். "எனக்குத் தெரிஞ்ச பி எல்லாம் முடிஞ்சுபோச்சு மேடம். பத்தாவதுல பெயில்தான்."

கச்சிராயபாளையத்துக்கு இரண்டு மைல் முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. அப்பால் எரிந்த டயர் ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மரத்தின்மேல் முப்பது நாற்பது பேர். ராஜ்தூத் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிலர் கையில் அரிவாள் இருந்தது. மரம் வெட்டிய அரிவாள்தான். ஆனாலும் பச்சமுத்து பத்தடி முன்னாலேயே வண்டியை நிறுத்தினான்.

"வண்டி போவாது. திருப்பு" என்றான் முன்னால் வந்தவன். அய்யனார் என்று கூப்பிட்டார்கள். வெயிலில் ஆறு நாள் உட்கார்ந்து கறுத்துப்போன முகம்.

மகேஸ்வரி இறங்கினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். "மலை மேல ஒருத்தர் ஆறு மணிக்குச் சாகப் போறாரு. அதுக்குள்ள நாங்க போவணும்."

அய்யனாரின் முகம் மாறிப்போனது. அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை காலைல ஒருத்தரு ஜீப்பு புடிச்சிக்கினு வந்தாரு" என்றான் மெதுவாக. "டாக்டராம். 'வுடுங்கய்யா, ஒரு உசுரு போவப் போவுது'ன்னு அழுதாரு. நம்பலங்க. ஆஸ்பத்திரி பேரச் சொல்லிக்கினு கல்யாணத்துக்குப் போறவனையெல்லாம் பாத்துட்டோம். ஜீப்பைத் திருப்பி அனுப்பிட்டோம். அந்தாளு எறங்கி நடந்தே போனாரு. அப்புறந்தான் தெரிஞ்சுது, நாராயணசாமி அண்ணன் செத்துட்டாருன்னு."

"எத்தினி மணிக்கு வந்தாரு?"

"எட்டரை இருக்கும். ஜீப்பு போயிருந்தா கா மணி நேரத்துல போயிருப்பாரு." அய்யனார் சட்டென்று திரும்பிக் கத்தினான். "வண்டியத் தூக்குங்கடா!"

பத்துப் பேர் ராஜ்தூத்தைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். மகேஸ்வரியைக் கைபிடித்து ஏற்றி இறக்கினார்கள்.

வண்டி கிளம்பியதும் பச்சமுத்து சொன்னான்: "அழுதானாம் மேடம். கொலைகாரன் அழுவானா?"

"நீ சொல்லு."

"நல்ல கொலைகாரனா இருந்தா அழுவான்."

மகேஸ்வரிக்கு வேறு கேள்வி. கொல்ல வந்தவன் சாவுக்கு முன்னால் வந்து சேர ஏன் துடிக்க வேண்டும்? மருந்துதான் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறதே. ஒருவேளை, சாவு நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டானோ? அந்த நினைப்பு அவள் முதுகில் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டது.

கோமுகி அணைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை மட்டும் பாதி திறந்திருந்தது. வாசலில் ஒரு சிலேட்டு தொங்கியது. 'பீடி சிகரெட் கேக்காதீங்க.' பச்சமுத்து இரண்டு சோடா வாங்கினான்.

"லாரி வந்து எட்டு நாளாச்சுங்க" என்றார் கடைக்காரர், யாரும் கேட்காமலேயே. "ஒவ்வொருத்தனும் வந்து என்னையே கொளுத்திடற மாதிரி பாக்கறான். மலைக்காரங்க வேற எறங்கி வந்து கேட்டுட்டுப் போறாங்க."

மகேஸ்வரி சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மணி இரண்டேகால்.

*

மலைப்பாதையில் மூன்று இடத்தில் கல் உருட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்டியை இறக்கி, தள்ளி, ஏற்றிப் போவதற்குள் நேரம் கரைந்தது. நாலரை மணிக்குப் பெட்ரோல் தீர்ந்தது. ஈச்சங்காட்டுக்கு இன்னும் நாலு மைல்.

நடந்தார்கள். மேகம் இறங்கிப் பாதையை மூடியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சாமைக் கொல்லைக்குள் ஏதோ சரசரத்தபோது பச்சமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான், விடவேயில்லை.

"மேடம், அந்தாளு கையில ஊசி கீசி வெச்சிருந்தா?"

"இருக்கும்."

"அவன் நம்ம ரெண்டு பேரு பேருக்கும் ஒரு பேப்பரு அடிச்சு வெச்சிருந்தா?"

"வாயை மூடிக்கினு நட."

"மூடினா என் நெஞ்சு அடிக்கற சத்தம் கேக்குது மேடம். அதுக்குத்தான் பேசறேன்."

பாதையில் ஈரமண் இருந்த இடத்தில் மகேஸ்வரி குனிந்தாள். ஒற்றைச் செருப்பின் தடம். இன்னொரு கால் வெறுங்கால். வெறுங்கால் தடத்தில் ரத்தம் கலந்திருந்தது. அது இன்னும் காயவில்லை.

"நமக்கு முன்னாடிதான் போறாரு" என்றாள். ஓட ஆரம்பித்தாள்.

ஈச்சங்காட்டில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "வேணாங்க டாக்டரய்யா, அது இன்னாங்க அது, கறுப்பா…"

பச்சமுத்து முதலில் உள்ளே பாய்ந்தான்.

கட்டிலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிடந்தார். காத்தான். கை இரண்டும் வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு துடிப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு அலுமினிய டம்ளரிலிருந்து மையைப் போலக் கறுத்த எதையோ அவர் வாயில் ஊற்றப்போனார் டாக்டர் விஜயராகவன்.

பச்சமுத்து பின்னாலிருந்து அவரை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்து இழுத்தான். மகேஸ்வரி டம்ளரைப் பிடுங்கினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

"ஐயோ, கொட்டாதீங்க!" என்று அலறினார் விஜயராகவன். "யார் நீங்க? குடுங்க அதை! நேரமில்ல!"

"இது இன்னா?"

"கரி. வெறும் கரி. மருந்துக் கரி. அவர் வயித்துல, ரத்தத்துல இருக்கற மருந்தை இது புடிச்சு வெளியே இழுத்துடும்."

"இதே மாதிரிதான் நாராயணசாமிக்கும் குடுத்தீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "நான் போறதுக்குள்ள அவர் போயிட்டார்."

"சரி. நீங்க ஒரு வாய் குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள் மகேஸ்வரி. "குடிச்சுக் காட்டினா வுடறேன்."

விஜயராகவன் டம்ளரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "மாட்டேன்."

"மாட்டாராம் மேடம்" என்றான் பச்சமுத்து. அவன் பிடி இறுகியது. "கேட்டீங்கல்ல? மாட்டாராம்."

"மூணு வேளைக்குத்தான் என்கிட்ட இருக்கு. இப்ப அதுலயும் கொஞ்சம் கொட்டிட்டீங்க. நான் குடிக்கற ஒரு வாய் அவருக்குக் குறையும். நான் நிரூபிக்கறதுக்காக ஒரு வாய் வீணாக்க மாட்டேன். என்னைக் கட்டிப் போடுங்க, அடிங்க. அதை மட்டும் அவருக்குக் குடுத்துடுங்க."

கட்டிலருகே நின்ற பெண், காத்தானின் மனைவி பூமாலை, மகேஸ்வரியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க யாருன்னே தெரியலம்மா. நான் இன்னா செய்யட்டும்? குடுக்கட்டுமா, வேணாமா? சொல்லும்மா."

மகேஸ்வரி டம்ளருக்குள் பார்த்தாள். கொடுக்கச் சொல்லி அது விஷமாக இருந்தால், கொன்றது அவள். வேண்டாம் என்று சொல்லி அது மருந்தாக இருந்தால், அப்போதும் கொன்றது அவள்தான். கட்டிலுக்கு மேலே மாடத்தில் இருந்த டைம்பீஸ் ஐந்து ஐம்பத்திரண்டு காட்டியது.

அவள் காத்தானைப் பார்த்தாள்.

அந்த மனிதருக்கு நினைவு பாதிதான் இருந்தது. உதறும் வலது கை எழுந்து, வலது காதுக்குப் பின்னால் போனது. இரண்டு விரல் எதையோ தேடியது. ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு விரலும் சேர்ந்தபடியே உதட்டுக்கு வந்தன. உதடு குவிந்தது. பிறகு கை கீழே விழுந்தது. மறுபடி காதுக்குப் போனது.

மகேஸ்வரி பூமாலையிடம் திரும்பினாள். "இவரு ஒரு நாளைக்கு எத்தினி பீடி குடிப்பாரு?"

"இன்னாம்மா இந்த நேரத்துல…"

"சொல்லும்மா! எத்தினி?"

"ரெண்டு கட்டு. நாப்பது."

"கடைசியா எப்பக் குடிச்சாரு?"

"போன வாரம். எங்கயும் கெடைக்கலியே. அணை வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்துட்டாரு."

நாற்பது. அதை அடித்துவிட்டுப் பூஜ்யம்.

"பி" என்றாள் மகேஸ்வரி. "பீடி."

விஜயராகவன் அவளை வெறித்துப் பார்த்தார். "பேப்பரைப் பார்த்தீங்களா?"

"மாத்திரையக் கூட்டினது நீங்க இல்ல. ஆறு ஆறாவேதான் இருந்துச்சு. கொறைஞ்சது பீடி." அவள் டம்ளரைக் கையில் இறுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "பச்சமுத்து, அவரை வுடு. பூமாலை, தலையத் தூக்கிப் புடிம்மா. நானே குடுக்கறேன். ஏதாச்சும் ஆனா என்னைக் கேளு."

முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது, நான்காவது. டம்ளர் காலியானது.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்குக் காத்தானுக்கு வலிப்பு வந்தது.

பூமாலை வீறிட்டாள். பச்சமுத்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். விஜயராகவன் காத்தானை ஒருக்களித்துத் திருப்பிப் பிடித்தார். மகேஸ்வரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் கொடுத்தேன், நான்தான் கொடுத்தேன் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை.

வலிப்பு ஒரு நிமிஷம் இருந்திருக்கும். ஒரு யுகமாகத் தெரிந்தது. பிறகு உடம்பு தளர்ந்தது. மூச்சு இருந்தது.

விஜயராகவன் நாடியைப் பிடித்து எண்ணினார். "நூத்தி அம்பது."

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் எண்ணினார். நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பது. பிறகு ஒரு எண்ணைச் சொல்லாமலே அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு?" என்றாள் மகேஸ்வரி.

"நூத்திப் பதினெட்டு."

பச்சமுத்து வெளியே போய் வேலியோரம் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

*

விஜயராகவனின் காலைப் பூமாலை வெந்நீரில் கழுவிவிட்டாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. மூன்று நாளில் நடந்தும், இரவல் சைக்கிளிலும் அவர் எழுபது மைலுக்கு மேல் அலைந்திருந்தார்.

"மாட்டைத் தார்க்குச்சியால குத்தி விரட்டற மாதிரி பீடிப் புகை ஈரலை விரட்டும்" என்றார். "அது வேகமா மருந்தை எரிச்சுத் தள்ளிடும். அதனாலதான் நாப்பது பீடிக்காரருக்கு ஆறு மாத்திரை தேவைப்பட்டுது. மத்தவங்களுக்கு ரெண்டு போதும். பீடி நின்னா ஒரு வாரத்துல ஈரல் மெதுவாயிடும். ஆனா மாத்திரை அதே ஆறு. வடிகாலை அடைச்சுட்டுத் தொட்டியில தண்ணி விட்டா என்ன ஆகும்?"

"வழியும்" என்றான் பச்சமுத்து.

"அதுதான் அந்தப் பெருக்கல் குறி. அது வழியற நேரம்."

"இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் மகேஸ்வரி.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். டீக்கடையில ஒருத்தன் பீடி இல்லன்னு கடைக்காரன் சட்டையைப் புடிச்சான். எனக்குச் சுரீர்னுது. ரூமுக்கு ஓடி வந்து, 'பி'யைப் பூஜ்யமாக்கிப் போட்டுப் பார்த்தேன். கோடு ஏறிச்சு. ஏறிக்கிட்டே போச்சு." அவர் நிறுத்தினார். "ராத்திரி முழுக்க வண்டிக்கு அலைஞ்சேன். அங்கே போனா அவர் போயிட்டார். நின்னு விளக்கிச் சொன்னா அதுக்குள்ள ராஜாங்கம் போயிடுவார்னு ஓடினேன். அவரும் போயிட்டார். மாத்திரையை வேற யாரும் போட்டுடக் கூடாதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

பச்சமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவரை இழுத்தபோது கிழிந்த சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டான். "அப்ப கொலைகாரன் யாருன்னு அந்தம்மாவுக்கு இன்னா மேடம் சொல்றது?"

"என் பேரைச் சொல்லுங்க" என்றார் விஜயராகவன். "ஒரு வருஷமா 'பீடியை விடு, பீடியை விடு'ன்னு அவங்க உயிரை வாங்கினவன் நான். விட்டா என்ன ஆகும்னு ஒரு தடவை அந்தப் பெட்டியைக் கேட்டுப் பார்க்கத் தோணல. கேட்டிருந்தா ரெண்டே நிமிஷத்துல சொல்லியிருக்கும். ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திரையும் திங்கக்கிழமை காலை மாத்திரையும் போடாம இருந்திருந்தாக்கூட நாராயணசாமியோட கோடு அந்த இடத்தைத் தொட்டிருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மகேஸ்வரி. "நீங்களே வந்து சொல்லுங்க."

அவர் முகத்தில் பயம் தெரிந்தது. மலையேறி வந்தபோது இருந்ததைவிட அதிகப் பயம். ஆனாலும் தலையை அசைத்தார்.

*

மறுநாள் மறியல் முடிந்திருந்தது. சாலையில் கிடந்த மரங்களை மாடு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். காத்தான் கஞ்சி குடித்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் மூவரும் இறங்கினார்கள். கச்சிராயபாளையத்துக்கு வரும்போது பிற்பகல்.

பச்சையம்மாளின் வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. சொந்தக்காரர்கள் இருபது பேர் இருந்தார்கள். டாக்டரைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்தார்கள். ஒருவன் பந்தல் காலில் கை வைத்தான். பச்சமுத்து டாக்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அப்போது மட்டும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"பேசட்டும்" என்றாள் பச்சையம்மாள்.

விஜயராகவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பீடி, ஈரல், ஆறு மாத்திரை, தான் யோசிக்காமல் விட்டது, தாமதமாக வந்தது. எதையும் மறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு வார்த்தை வரவில்லை. முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பச்சையம்மாள் ரொம்ப நேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை ராத்திரி அவரு வேணாம்னாருங்க. படபடன்னு வருது, வேணாம்டின்னாரு. நாந்தான் வெசனப்பட்டு, தாடையப் புடிச்சி வாயத் தொறந்து போட்டு வுட்டேன். காலைலயும் அப்டித்தான். நான் போடாம வுட்டிருந்தா இருந்திருப்பாருங்களா?"

விஜயராகவன் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

மகேஸ்வரி அவருடைய வீங்கிய காலைத் தன் காலால் அழுத்தி மிதித்தாள்.

"இல்லம்மா" என்றாள். "அதுக்கு முன்னாடியே ஏறிடுச்சு. நீ போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்."

பச்சையம்மாள் டாக்டரைப் பார்த்தாள். "ஆமாங்களா?"

அவர் மகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விஜயராகவன், "ஆமாம்மா" என்றார்.

பச்சையம்மாள் மூச்சை விட்டாள். புருஷன் செத்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், உள்ளங்கை இரண்டாலும் முகத்தை மூடிக்கொண்டு, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.